ஆற்றின் நடுவே ஓர் ஆஸ்பத்திரி

கோல்தராவில் ஆஸ்பத்திரியே இல்லை என்கிற செய்தி அனார்குலுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கிடைத்தது.

அப்போது எடைத் தட்டில் நான்கு நாள் குழந்தை ஒன்று கிடந்தது. அது அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. வெளி பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து கொண்டுவர வேண்டிய ஜீப் மருந்து இல்லாமல் வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஒரு கடிதத்தை மட்டும் நீட்டினான். அனார்குல் ஒற்றைக் கையால் பிரித்துப் படித்தாள்.

"கோல்தரா ஆஸ்பத்திரி இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தை வானத்திலிருந்து பரிசோதித்ததில் அங்கே தண்ணீர் மட்டுமே காணப்பட்டது. ஆகையால் மேற்படி ஆஸ்பத்திரி இல்லை. இல்லாத ஆஸ்பத்திரிக்குக் குளிர்கால மருந்தும் எண்ணெயும் அனுப்புவது வரி செலுத்தும் மக்களுக்குச் செய்யும் துரோகம் என்பதால் அவை நிறுத்தி வைக்கப்படுகின்றன. இக்கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாக மேற்படி ஆஸ்பத்திரியின் பொறுப்பாளர் கையெழுத்திட்டு, ஆஸ்பத்திரி முத்திரையுடன் திருப்பி அனுப்பவும்."

கீழே கையெழுத்துப் போட்டிருந்தது மறுகட்டுமானச் செலவுக் கண்காணிப்பு அலுவலகம். போரில் இடிந்த நாட்டைத் திரும்பக் கட்டுவதற்காக வெளிநாட்டார் கொட்டும் பணத்தில் ஒரு சல்லிக்காசும் வீண்போகக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்காக ஏற்பட்ட அலுவலகம். அது காபூலில் சுவருக்குள் சுவர், அந்தச் சுவருக்குள் இன்னொரு சுவர் என்று நாலு சுவருக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அங்கிருந்தபடியே நாடு முழுவதையும் பார்த்தது.

"கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா?" என்று அனார்குல் டிரைவரைக் கேட்டாள்.

"போட்டுருங்க காலா," என்றான் அவன், சித்தி முறை வைத்து. "போடலைன்னா கடுதாசி கிடைக்கலைன்னு இன்னொண்ணு அனுப்புவாங்க. அதுக்கும் நான்தான் ரெண்டு நாள் வண்டி ஓட்டணும்."

போட்டாள். முத்திரையும் குத்தினாள்.

தப்பு எங்கே நடந்தது என்று ஊருக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி கட்டும்போது, இடத்தைக் குறித்துக்கொண்டு போக நகரத்திலிருந்து ஓர் என்ஜினியர் வந்தார். நல்ல சாலை பாஞ்ச் ஆற்றின் அக்கரையில், அதாவது அடுத்த நாட்டில் இருக்கிறது. அதன் வழியாக வந்து தொங்குபாலத்தில் ஏறினார். பாலம் ஆடியது. பாதி வழியில் அவருக்குத் தலை சுற்றியது. கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றவர், கையிலிருந்த ஜி.பி.எஸ் கருவியின் பொத்தானை அமுக்கி, அது காட்டிய எண்ணை எழுதிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அந்த எண் ஏட்டில் ஏறியது. பாலம் அடுத்த வெள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. ஏட்டின்படி கோல்தரா ஆஸ்பத்திரி அன்று முதல் இன்று வரை ஆற்றின் நட்டநடுவில் இருக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. அனார்குலுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எட்டு வாரத்தில் கணவாய் பனியில் மூடிவிடும். மூடினால் அடுத்த ஐந்து மாதத்துக்குக் கழுதைகூட வராது. அதற்குள் பிரசவிக்கப் போகிறவர்கள் பதினான்கு பேர். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பெல்லாம் குளிர்காலத்தில் நோவு கண்டு சிக்கலானால் ஏணியில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு கணவாய் ஏறுவார்கள். அவள் அக்கா மாஹ்ரோ அந்த ஏணியில்தான் செத்தாள். அதற்குப் பிறகுதான் அனார்குல் முப்பது வயதில் நகரத்துக்குப் போய், இருபது வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வருடம் மருத்துவச்சிப் படிப்புப் படித்து வந்தாள். வந்த நாளிலிருந்து கோல்தராவில் ஒரு பெண்கூட ஏணியில் ஏறவில்லை. அந்தக் கணக்கு எந்த அலுவலகத்துக்கும் தேவைப்படவில்லை.

மறுநாளே ஜீப்பில் ஏறி மாகாணத் தலைநகருக்குப் போனாள்.

சுகாதார அலுவலகத்தின் தலைவர் டாக்டர் சபூர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார், உலர்ந்த மல்பெரி வரவழைத்தார், குழந்தைகளை விசாரித்தார். பிறகு கடிதத்தைப் படித்துப் பெருமூச்சு விட்டார்.

"சகோதரி, உங்க ஆஸ்பத்திரி இருக்குன்னு எனக்குத் தெரியும். நானே வந்து ரிப்பன் வெட்டியிருக்கேன். உங்க ஊர் ஆட்டுக்கறி இன்னும் நாக்குலயே நிக்குது. ஆனா எனக்குத் தெரிஞ்சதைப் போடறதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லியே."

"நம்பரை மாத்திட்டாப் போதும் சாகிப். தப்பான நம்பரை அடிச்சுட்டு சரியான நம்பரை எழுதிருங்க. பேனா இல்லைன்னா நான் தரேன்."

டாக்டர் சபூர், தன் முன்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலக் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

"அப்படியெல்லாம் மாத்த முடியாது. ஒரு ஆஸ்பத்திரியோட நம்பரை மாத்தணும்னா முதல்ல அது பழைய நம்பர்ல இருக்குன்னு நிரூபிக்கணும்."

"பழைய நம்பர்ல ஆறு இருக்கு."

"அதைத்தான் அவங்களும் சொல்றாங்க. பாத்தீங்களா, அவங்க பொய் சொல்றவங்க இல்ல."

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு செல்போனை எடுத்தார். படம் பிடித்தால் எந்த இடத்தில் பிடித்தது என்கிற எண்ணைப் படத்தின் மூலையிலேயே அச்சடித்துத் தரும் போன். கண்காணிப்பு அலுவலகம் கொடுத்தது. அதிகாரிகள் ஆபத்தான இடங்களுக்கு நேரில் போகாமலே நேரில் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. எல்லா இடமும் ஆபத்தான இடம் என்பதால் அவர்களுக்குப் பயணச் சிரமமே இல்லாமல் போயிற்று.

"இதை எடுத்துட்டுப் போங்க. ஆஸ்பத்திரியோட போர்டு தெரியணும், நீங்க வெள்ளைக் கோட்டோட தெரியணும், ஒரு உபகரணமாவது தெரியணும். மூலையில பழைய நம்பர் விழுந்திருக்கணும். அவ்வளவுதான். மருந்து தானா வரும்."

"அப்ப நான் ஆத்து நடுவுல நிக்கணும்."

"எங்க நிக்கணும்னு நான் சொல்லக் கூடாது சகோதரி. சொன்னா அது சாட்சியைக் கலைக்கிற மாதிரி ஆயிடும்."

ஊர் திரும்பி இதைச் சொன்னபோது அவள் புருஷன் தவ்லத் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான். அவன் வாய் அதிகம் பேசாது, கை பேசும். பன்னிரண்டு ஆட்டுத்தோல்களில் காற்றடைத்து, மேலே கம்புகளைக் கட்டி, இரண்டே நாளில் தெப்பம் செய்துவிட்டான். ஆஸ்பத்திரி போர்டைக் கழற்றித் தெப்பத்தில் நட்டார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அனார்குல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டு ஏறினாள். ஊரே கரையில் நின்றது.

"இந்த ஊர்ல எவளாவது இப்படி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளா!" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஆஸ்பத்திரிதாண்டி போகுது, அவ சும்மா கூடப் போறா," என்றாள் இன்னொருத்தி.

ஆற்றின் நடுக்கோடுதான் இரண்டு நாட்டுக்கும் எல்லை. தவ்லத் துடுப்பால் முட்டி மோதித் தெப்பத்தை அந்த இடத்தில் சுற்றச் சுற்ற நிறுத்திக்கொண்டிருந்தபோது, அக்கரைக் காவல் கூண்டிலிருந்து ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு ஓடி வந்தான். இரண்டு கரைக்கும் பேச்சு ஒன்றுதான்.

"யக்கா! அங்க என்ன பண்றீங்க?"

"பாத்தாத் தெரியல? ஆஸ்பத்திரி நடத்தறேன்!" என்று அனார்குல் கத்தினாள்.

சிப்பாய் யோசித்தான். "எனக்கு ரெண்டு நாளா பல்லு வலிக்குது!"

"பல்லு பாக்கறதில்ல! பிரசவம் மட்டும்தான்!"

தவ்லத் பதினேழு படம் எடுத்தான். பதினாறில் எண் தவறியது. பதினேழாவதில் சரியாக விழுந்தது. அதில் அனார்குல் முழங்கால்வரை நனைந்து, போர்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்காணிப்பு அலுவலகத்தை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. அலுவலகம் மகிழ்ச்சி தெரிவித்திருந்தது. கோல்தரா ஆஸ்பத்திரி குறிப்பிட்ட இடத்தில் இருப்பது ஐயமற நிரூபணமானதாம். அதே சமயம் படத்தை ஆராய்ந்ததில் சில குறைகள் தென்பட்டனவாம். தரை ஈரமாக உள்ளது. சுவர்களைக் காணோம். கூரையைக் காணோம். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பாதை இல்லை. தீயணைப்புக் கருவி கண்ணில் படவில்லை. வெள்ள அபாயம் உள்ளதாகத் தோன்றுகிறது. கட்டி ஆறே வருடத்தில் ஒரு கட்டடம் இந்த நிலைக்கு வந்தது கவலை தருவதால் தலைமைக் கண்காணிப்பாளர் மிஸ்டர் விட்கோம்ப் நேரில் வந்து பார்வையிடுவார். அதுவரை மருந்து அனுப்பப்படாது.

"நேர்ல வராராம்," என்றாள் அனார்குல் ஊர்த் தலைவர் கதாய்பேக்கிடம். "வரட்டும். வந்து கண்ணால பாக்கட்டும். பெஞ்சு நிறைய பொம்பளைங்க உக்காந்திருக்கறதைப் பாத்தா எந்த மனுஷனுக்கும் புரியும்."

கதாய்பேக்குக்கு அது காதில் விழவில்லை. ஒரு விருந்தாளி வருகிறார் என்று தெரிந்த நிமிஷமே அவருக்கு மற்றச் சொற்கள் கேட்காது. ஏழு மலை தாண்டி ஒரு மனிதர் வருகிறார். அவர் முன்னால் முக்கிக்கொண்டும் முனகிக்கொண்டும் பெண்களை உட்கார வைப்பதா? விருந்தாளி கண்ணில் ஒரு சோகம் படலாமா? கோல்தராவின் மானம் என்ன ஆவது?

விட்கோம்ப் வருகிற அன்று விடியலில் மேல்குடியிருப்பில் ஒருத்திக்கு நோவு எடுத்து அனார்குல் அங்கே போக வேண்டியதாயிற்று. பிரசவம் முடித்து, மூச்சு வாங்க இறங்கி வந்தவளுக்கு ஆஸ்பத்திரி அடையாளம் தெரியவில்லை. பெஞ்சில் ஆளில்லை. கதாய்பேக் எல்லாரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மருந்து அலமாரியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தரையில் சிவப்புக் கம்பளங்கள். சுவரோரம் திண்டுகள். பிரசவக் கட்டிலின் மேல் பூ வேலை செய்த விரிப்பைப் போட்டு, அதன்மேல் பாதாம், வால்நட், மல்பெரித் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். உப்புப் போட்ட பால் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஆட்டுக்கறி வாசனை தூக்கியது.

"தலைவரே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!"

"எப்பிடி இருக்கு பாத்தியா அனார்?" என்று கதாய்பேக் பூரித்துப்போய்க் கையைத் தேய்த்தார். "இனிமே கோல்தராவுல ஒண்ணுமில்லைன்னு எவன் சொல்றான்னு பாக்கறேன்."

எதையும் மாற்ற நேரமிருக்கவில்லை. இரண்டு ஹெலிகாப்டர்கள் கோதுமைத் தாளடியைக் கிளப்பிக்கொண்டு இறங்கின. பதினாறு சிப்பாய்கள் குதித்து, நாலா பக்கமும் குப்புறப் படுத்து, கோல்தராவின் கோழிகளைக் குறிபார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே, தலைக்கவசமும் குண்டு துளைக்காத சட்டையுமாக, பெட்டிக்குள் வைத்த சாமான்போல மிஸ்டர் விட்கோம்ப் வந்தார். கூடவே ரமீன் என்கிற மொழிபெயர்ப்பாளன். காபூல்காரன், பாவம், குளிரில் பல் தந்தியடித்தது.

"சாருக்கு இங்க இருபது நிமிஷம்தான் அனுமதி," என்றான் ரமீன். "அதுல எட்டு நிமிஷம் ஓடிப் போயி ஏறதுக்கு. மீதியில பாத்துருவாரு."

விட்கோம்ப் உள்ளே நுழைந்தார். கம்பளத்தைப் பார்த்தார். திண்டைப் பார்த்தார். பாதாம் தட்டைப் பார்த்துவிட்டு அட்டையில் ஏதோ குறித்தார்.

"நோயாளிங்க எங்கேன்னு கேக்கறாரு."

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்களுக்கு மரியாதை பண்றதுக்காக," என்றாள் அனார்குல்.

ரமீன் சொன்னான். விட்கோம்ப் தலையாட்டி எழுதினார். "'பரிசோதனையின்போது நோயாளிகள் எவரும் இல்லை. உணவு பரிமாறப்படுகிறது'ன்னு எழுதறாரு காலா," என்று ரமீன் மெதுவாகச் சொன்னான். அவன் கண்கள் ஆட்டுக்கறி வாசனை வந்த பக்கமே போய்வந்தன.

அனார்குல் விருட்டென்று போய் விரிப்பை உருவினாள். பாதாமும் வால்நட்டும் நாலாபக்கம் சிதறி ஓடின. "இது பிரசவக் கட்டில். பாருங்க, கால் வைக்கற கம்பி. இது மருந்து அலமாரி. இது நான். இன்னிக்கு விடிகாலையில ஒரு பொம்பளைப் புள்ளையைக் கையில வாங்கிட்டு வரேன், கோட்டுல ரத்தம் இன்னும் காயல. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

விட்கோம்ப் பொறுமையாகக் கேட்டார். கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் அனார்குலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் தன் கருவியை எடுத்து எண்ணைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். ரமீன் பின்னாலேயே ஓடி ஓடிச் சொன்னான்.

"'மேடம், எங்க நாட்டுல ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பஸ் டிரைவர், அவங்க வேர்வை சிந்திக் கட்டற வரிதான் இந்த ஆஸ்பத்திரி. அதுல ஒரு ஆணிகூட வீணாகாமப் பாக்கறதுக்குத்தான் நான் இருக்கேன். என் அலுவலகத்துல இருநூறு பேர் இருக்கோம். இந்த மாகாணத்துல நாங்க கண்காணிக்கற ஆஸ்பத்திரிகள்ல மொத்தமா வேலை செய்யறவங்க அறுபது பேர். அந்த அறுபது பேர் மேலயும் எங்க பார்வை இருக்கு. நான் இங்க வந்து போற இருபது நிமிஷத்துக்கு ஆகற செலவுல இது மாதிரி மூணு ஆஸ்பத்திரி கட்டலாம். வீண் செலவுங்கிற விஷயத்துல நாங்க எவ்வளவு தீவிரமா இருக்கோம்னு அதுலயே நீங்க புரிஞ்சுக்கலாம்.'"

"அந்தச் செலவை யாரு பாக்கறா?" என்று கேட்டாள் அனார்குல்.

ரமீன் தயங்கித் தயங்கிக் கேட்டான். விட்கோம்புக்குக் கேள்வி பிடித்திருந்தது.

"'நல்ல கேள்வி. எங்களைக் கண்காணிக்க இன்னொரு அலுவலகம் இருக்கு. அவங்களுக்கு இங்க வரப் பயம்.'"

"சரி, இது ஆஸ்பத்திரியா இல்லையா? அதைச் சொல்லச் சொல்லு."

இதற்கு விட்கோம்ப் விரல் விட்டு எண்ணி விளக்கம் சொன்னார். பத்து நாளைக்கு முன்பு ஐயமற நிரூபணமான ஆஸ்பத்திரி ஆற்றில் இருக்கிறது. படம் இருக்கிறது, எண் இருக்கிறது, இந்தப் பெண்மணியே அதில் நிற்கிறார். ஆகவே இது அந்த ஆஸ்பத்திரி ஆக முடியாது. ஒரே ஆஸ்பத்திரி இரண்டு இடத்தில் இருந்தால் அதுதான் உண்மையான ஊழல். இது விருந்தாளிகளுக்காக யாரோ கட்டிய வீடு. அந்த ஆஸ்பத்திரியின் சாமான்கள் எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. வந்து சேர்ந்த விதம் விசாரிக்கப்பட வேண்டியது.

"ரமீன் தம்பி," என்றாள் அனார்குல், "அவர்கிட்ட சொல்லு. நான் அந்தத் தெப்பத்துல ஏறுனது நீங்க சொன்னீங்கன்னுதான். நீங்க சொன்னதைச் செஞ்சு காட்டுனேன். அது போதலைன்னா நீங்க பாக்க வந்தது ஆஸ்பத்திரியை இல்ல, உங்க நம்பரை."

ரமீன் அதைச் சொன்னானா, அவனுக்குப் பிழைக்கத் தெரிந்த வேறு எதையாவது சொன்னானா என்று தெரியவில்லை. விட்கோம்ப் நெஞ்சில் கைவைத்து நன்றி தெரிவித்தார். பன்னிரண்டு நிமிஷம் முடிந்தது. விதிப்படி ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் ஓடினார். கதாய்பேக் டீக் கோப்பையோடு ஹெலிகாப்டர்வரை துரத்திக்கொண்டு போனார். காற்று கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்று. அவர் திரும்பி வரும்போது வயதே கூடினதுபோல இருந்தார்.

"எங்க வீட்டுல டீ குடிக்காம ஒருத்தன் போனது இதுதான் முதல் தடவை," என்றார். அதைவிடப் பெரிய இழப்பு நடந்ததை அவர் இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தபோதுதான் தெரிந்துகொண்டார்.

அறிக்கை தெளிவாக இருந்தது. ஒன்று, கோல்தரா ஆஸ்பத்திரி ஆற்றால் அடித்துச் செல்லப்பட்டு முழுவதும் அழிந்துவிட்டது. இரண்டு, அருகிலுள்ள கரையில் பெயர் தெரியாத ஒரு விருந்தாளி வீடு உள்ளது, அதற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. ஆகவே ஆஸ்பத்திரியின் கட்டில், குளிர்ப்பெட்டி, சூரியத் தகடு ஆகியவை மீட்கப்பட்டு, ஆஸ்பத்திரி பூட்டி முத்திரை வைக்கப்பட வேண்டும். கணவாய் மூடுவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

அனார்குல் அன்று அழவில்லை. அழுகிற கட்டம் அவளுக்குத் தாண்டிவிட்டது. ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டாள். ஆண்கள் தாமாகவே வந்து பின்னால் நின்றார்கள்.

"மருந்து வராது. எண்ணெய் வராது. அதை விட்டுருவோம். வீட்டுக்கு ஒரு சுமை விறகு குடுங்க. மருந்தை அக்கரைச் சந்தையில நான் வாங்கிக்கறேன், என் வளையல் இருக்கு. ஆனா கட்டிலையும் பெட்டியையும் தூக்க வந்தா நான் விட மாட்டேன். மாஹ்ரோ மாதிரி இன்னொருத்தி ஏணியில போறதைப் பாக்கறதுக்கு நான் படிச்சுட்டு வரல."

கதாய்பேக் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருடைய மருமகள் ஷாபேகத்துக்கு இதுதான் மாதம். தலைச்சன் பிள்ளை, அதுவும் குறுக்கே கிடக்கிறதோ என்று அனார்குலுக்கே சந்தேகம்.

"கம்பளம் விரிச்ச பாவி நான்தான்," என்றார் அவர்.

"ஆமா, நீங்கதான். போயி விறகு வெட்டுங்க," என்றாள் அவள்.

முதல் பனி மலை உச்சியில் விழுந்த அன்று காலையில் மாமூர் கியாசுதீன் வந்தார். மாகாண அலுவலகத்துக் குமாஸ்தா. இரண்டு கூலிக்காரர்கள், மூன்று கழுதைகள், ஒரு பெரிய இரும்புப் பூட்டு, ஒரு கட்டி அரக்கு. மனிதர் முகமே செத்திருந்தது. வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்திருப்பார்.

உள்ளே ஷாபேகம் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். குழந்தையை வெளியிலிருந்தே தடவித் தடவித் திருப்பி, தலையைக் கீழே கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அனார்குலின் தோள் இற்றுப் போயிருந்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கதவுக்குக் குறுக்கே நின்றாள். அவளுக்குப் பின்னால் படியில் ஏற்கெனவே பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேருக்கு வயிறு முன்னால் வந்திருந்தது.

"காலா, என் மேல கோவப்படாதீங்க," என்றார் மாமூர். "எனக்கும் நாலு புள்ளைங்க. உத்தரவு. கட்டிலை எடுக்கணும், பூட்டுப் போடணும், அரக்கு வைக்கணும், பூட்டைப் படம் பிடிச்சு அனுப்பணும்."

"உத்தரவைப் படிங்க."

படித்தார். கடைசி வரியில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பூட்டின் படத்தில் விழும் எண்ணும் ஆஸ்பத்திரியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், தவறினால் பிறர் உடைமையைப் பூட்டிய குற்றத்துக்குப் பூட்டியவரே பொறுப்பு.

"இன்னொரு தடவை படிங்க சாகிப்."

படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கண் தானாக ஆற்றுப் பக்கம் போயிற்று.

"உங்க ஆஸ்பத்திரி அங்கதான இருக்கு?" என்றாள் அனார்குல். "போயிப் பூட்டுங்க. தெப்பம் வேணும்னா என் வீட்டுக்காரர் தருவாரு. ஆழம் பாத்து இறங்குங்க."

படியிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாமூர் எதிரிலிருந்த கட்டடத்தைக் கைகாட்டினார்.

"அப்ப இது?"

"இதுவா? இது விருந்தாளி வீடு. உங்க பெரிய மனுஷரே வந்து பாத்து எழுதிட்டுப் போயிருக்காரு. எங்க ஊர் விருந்தாளி வீட்டைப் பூட்ட உத்தரவு இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல. ஆனா உள்ள கட்டில் இருக்கே..."

"விருந்தாளி வீட்டுல கட்டில் இருக்கக் கூடாதா? விருந்தாளி எங்க படுப்பாரு, உங்க தலை மேலயா?" என்றார் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கதாய்பேக். பல நாள் கழித்து அவர் குரல் பழையபடி ஓங்கியிருந்தது.

மாமூர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். உத்தரவை மடியில் விரித்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். இங்கே பூட்டினால் இங்கே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அவரே சாட்சி சொன்னதாகும். இருக்கிறது என்றால் அறிக்கை தப்பு. அறிக்கை தப்பென்றால் விட்கோம்ப் தப்பு. பன்னிரண்டு நிமிஷம், இரண்டு ஹெலிகாப்டர், பதினாறு சிப்பாய், இருநூறு பேர் கொண்ட அலுவலகம், எல்லாம் தப்பு. கடைசியில் மாட்டப்போவது மாமூர் கியாசுதீன்.

உள்ளே ஷாபேகம் அலறினாள். இதுவரை அலறியதைப் போல இல்லை. படியிலிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தி எழுந்தார்கள். அனார்குல் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"காலா, காலா!" என்று மாமூர் எழுந்தார். "அப்ப நான் என்னன்னு எழுதறது? சத்தம் கேக்குதே, இங்க என்ன நடக்குதுன்னு எழுத?"

"ஒண்ணும் நடக்கலைன்னு எழுதுங்க. இங்க ஆஸ்பத்திரி இல்ல. கட்டில் இல்ல. நான் இல்ல. உள்ள கத்தறவளும் இல்ல, பொறக்கப் போற புள்ளையும் இல்ல. இந்த ஊர்ல இருக்கறதுல எதுவுமே உங்க ஏட்டுல இல்ல, அதனால எதையும் நீங்க எடுத்துட்டுப் போக முடியாது." அவள் வெளியே எரிந்த அடுப்புப் பக்கம் கைகாட்டினாள். "இப்ப அந்த வெந்நீர் அண்டாவைத் தூக்கிட்டு வாசல்வரைக்கும் வாங்க. சீக்கிரம்."

மாமூர் அண்டாவைப் பார்த்தார். பெரிய அண்டா, ஒற்றைக் கையால் ஆகாது. கையிலிருந்த பூட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தூக்கினார்.